நல்லெண்ணெயில் காணாமல் போன புள்ளி: மென்பொருள் குறையை எப்படிச் சொல்வது?

விருதுநகர் பக்கம் மளிகைக்கடை வைத்திருக்கும் ஓர் அக்கா, இரண்டு பில்களைக் கல்லாப் பெட்டிமேல் அருகருகே வைத்துப் படமெடுத்து எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஒன்றில் ‘நல்லெண்ணெய’ என்று இருந்தது. கடைசி எழுத்தில் புள்ளி இல்லை. இன்னொன்றில் ‘கடலை எண்ணெ’ வரைக்கும் வந்து, அதற்கப்புறம் கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு கேள்விக்குறி. படத்துக்குக் கீழே இப்படி எழுதியிருந்தார்:

“தம்பி, உளுந்து, சீரகம், நெய் எல்லாம் சரியா வருது. பேரு கொஞ்சம் நீளமா இருந்தா மட்டும் கடைசியில வெட்டுது. அதே சாமானை இங்கிலீஷ்ல அதைவிட நீளமா போட்டாலும் வெட்டல.”

நான் கடைகளுக்கான பில் போடும் மென்பொருளில் வாடிக்கையாளர் உதவிப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அந்தச் செய்தியைப் படித்த டெவலப்பர் அரை மணி நேரத்தில் கோளாறு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இத்தனைக்கும் அதே கோளாறு பற்றி அதற்கு முன்பே மூன்று புகார்கள் வந்திருந்தன. மூன்றிலும் ஒரே வரிதான்: “பில்லில் தமிழ் சரியா வரலை.” எழுத்துரு பிரச்சினையாக இருக்கும் என்று நாங்களே முடிவு செய்து, எழுத்துருவை மாற்றிப் பார்க்கச் சொல்லி, மூன்று புகார்களையும் முடித்துவைத்திருந்தோம். மேற்கொண்டு கேட்காமல் விட்டது எங்கள் தவறு. அதை மறுக்கவில்லை. ஆனாலும் அந்த மூன்று வரிக்கும் அக்கா எழுதியதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் சிரமம் சீக்கிரம் தீரும்.

முதலில் கோளாறு என்ன என்று பார்த்துவிடலாம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஓர் ஆங்கில எழுத்துக்கு 1 பைட் இடம் போதும். தமிழுக்கு ஒவ்வொரு குறிக்கும் 3 பைட் வேண்டும். குறி என்றால் எழுத்து இல்லை. புள்ளி ஒரு குறி, ஒற்றைக்கொம்பு ஒரு குறி. நல்லெண்ணெய் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து. கணினிக்கு அது 11 குறி, அதாவது 33 பைட். எங்கள் மென்பொருளில் சரக்குப் பெயருக்கு ஒதுக்கியிருந்த இடமோ 30 பைட். கடைசிக் குறியான புள்ளி வெளியே விழுந்துவிட்டது. ‘கடலை எண்ணெய்’ 34 பைட். அங்கே வெட்டு ‘ய’ என்ற எழுத்தின் நடுவிலேயே விழுந்தது. பாதி எழுத்தை அச்சிடத் தெரியாமல் கேள்விக்குறி வந்தது. ஒரே கோளாறுக்கு இரண்டு முகம். ஆங்கிலத்தில் 30 எழுத்து வரைக்கும் தாராளமாகப் போகும் என்பதால் எங்கள் சோதனை எதிலும் இது சிக்கவில்லை.

அந்த அக்காவுக்கு பைட் கணக்கெல்லாம் தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை. எது சரியாக வருகிறது, எது வரவில்லை என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னார், அவ்வளவுதான். குறை சொல்லும் பலர் இந்த முதல் பாதியை விட்டுவிடுகிறார்கள். கெட்டுப்போனது மட்டும் தெரிந்தால் நாங்கள் நூறு இடத்தில் தேட வேண்டும். நன்றாக இருப்பதும் தெரிந்தால் தொண்ணூறு இடத்தை உடனே ஒதுக்கிவிடலாம். நேற்று வரை ஓடியதா, பக்கத்து போனில் ஓடுகிறதா, வைஃபையில் ஓடி மொபைல் டேட்டாவில் நிற்கிறதா, ஒரு வாடிக்கையாளர் பெயருக்கு மட்டும் இப்படி ஆகிறதா? இவற்றில் ஏதாவது ஒன்றைச் சொன்னாலே எங்களுக்குப் பெரிய உதவி.

“வேலை செய்யலை” என்று ஒரு செய்தி வந்தால் எங்கள் பக்கம் என்ன நடக்கிறது தெரியுமா? எந்தத் திரை என்று கேட்டு நாங்கள் காலையில் பதில் போடுவோம். அந்த நேரம் கடையில் கூட்டம். கடைக்காரர் இரவு கடையைச் சாத்திவிட்டுத்தான் பார்ப்பார். “பில் போடுற இடம்” என்று எழுதுவார். மறுநாள் காலை நாங்கள் வெர்ஷன் கேட்போம். அதற்கு மறுநாள் பிழைச்செய்தி என்ன வந்தது என்று கேட்போம். இப்படியே நான்கு நாள் ஓடிவிடும். அந்த நான்கு நாளும் அவர் கையால் பில் எழுதிக்கொண்டிருப்பார். அதை நினைத்தால் எனக்கு உண்மையிலேயே கஷ்டமாக இருக்கிறது.

அதனால் முதல் செய்தியிலேயே மூன்று விஷயத்தைச் சொல்லிவிடுங்கள். நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது. ஃபயர்பாக்ஸ் உலாவியைத் தரும் மோசில்லா 1998-இல் வெளியிட்ட பக்ஸில்லா போன்ற குறைப்பதிவு முறைகளிலும் இந்த மூன்றைத்தான் கேட்பார்கள். “சரக்குப் பட்டியலில் விலையை 42 என்று மாற்றிச் சேமித்தேன். பில்லில் 42 வர வேண்டும். பழைய விலை 40 தான் வருகிறது. ஆப்பை மூடித் திறந்தால் சரியாகிவிடுகிறது.” இந்த நான்கு வாக்கியம் போதும். இதோடு ஆப்பின் வெர்ஷன் எண்ணையும் போன் மாடலையும் சேர்த்தால் நாங்கள் கேட்பதற்கு எதுவுமே மிச்சம் இருக்காது. பெரும்பாலான ஆப்களில் ‘எங்களைப் பற்றி’ பகுதியில் வெர்ஷன் எண் இருக்கும். பிழைச்செய்தி வந்தால் அதைச் சுருக்கிச் சொல்ல வேண்டாம். அதில் வரும் எண் உங்களுக்குப் புரியாவிட்டாலும் அப்படியே அனுப்புங்கள். எப்போதாவது மட்டும் வரும் கோளாறு என்றால் திரையை வீடியோவாகப் பதிவு செய்துவிடுங்கள். ஆண்ட்ராய்டு 11 முதல் அந்த வசதி போனிலேயே இருக்கிறது.

தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொன்று. படம் மட்டும் அனுப்பினால் சில நேரம் போதாது. ஒரு பெயரைத் தேடினால் கிடைக்கவில்லை என்று ஒருவர் படத்தோடு புகார் அனுப்பினார். பட்டியலில் ‘கௌரி’ இருக்கிறது, தேடும் கட்டத்திலும் ‘கௌரி’ என்றே இருக்கிறது, முடிவு பூஜ்யம். எங்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. அப்புறம் இரண்டு பெயரையும் நகலெடுத்து ஒட்டி அனுப்பச் சொன்னோம். ஒன்றில் ககரத்தோடு ‘ௌ’ குறி சரியாகச் சேர்ந்திருந்தது. இன்னொன்றில் யாரோ ‘கெ’ அடித்துவிட்டுப் பக்கத்தில் ளகரத்தை அடித்திருந்தார்கள். கண்ணுக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், கணினிக்கு இரண்டும் வேறு வேறு சொல். படத்தில் இந்த வித்தியாசம் ஒருநாளும் தெரியாது. எனவே எழுத்து தொடர்பான குறை என்றால் படத்தோடு அந்த எழுத்தையும் நகலெடுத்து ஒட்டிவிடுங்கள்.

சரி, இது குறை சொல்வது. புதிதாக ஒரு வசதி கேட்பது வேறு மாதிரி.

எங்களுக்கு அடிக்கடி வந்த ஒரு கோரிக்கை: “போட்ட பில்லை அழிக்க ஒரு பட்டன் வையுங்க.” எங்களால் முடியாது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவந்தோம். ஜிஎஸ்டி விதி 46-இன்படி பில் எண்கள் தொடர்ச்சியாக வர வேண்டும். நடுவில் ஒன்றை அழித்தால் கணக்குக் காட்டும்போது கடைக்காரருக்குத்தான் சிக்கல். கேட்பவருக்கு எங்கள் பதிலில் எரிச்சல், எங்களுக்கும் சலிப்பு. ஒருநாள் ஒரு கடைக்காரரிடம், “எப்போதண்ணே அழிக்க வேண்டியிருக்கு?” என்று கேட்டேன். “பாதி பில் போட்டிருப்பேன். வாங்க வந்தவங்க ‘இருங்க, சோப்பு எடுக்க மறந்துட்டேன்’னு உள்ள போயிடுவாங்க. பின்னாடி நாலு பேர் நிக்கிறாங்க. அந்தப் பில்லை முடிச்சாத்தானே அடுத்தவங்களுக்குப் போட முடியுது? அதான் ஒப்புக்கு முடிச்சுட்டு அப்புறம் அழிக்கலாம்னு பார்க்கிறேன்” என்றார்.

அவருக்குத் தேவைப்பட்டது பாதிப் பில்லை ஓரமாக நிறுத்திவைத்து, அடுத்தவருக்குப் போட்டுவிட்டு, மறுபடி எடுத்துத் தொடரும் வசதி. சட்டச் சிக்கல் எதுவும் இல்லாமல் அதைச் செய்து கொடுக்க முடியும், செய்தும் கொடுத்தோம். பட்டன் வேண்டும் என்று கேட்டபோது கிடைக்காதது, கதையைச் சொன்னபோது கிடைத்தது. உங்கள் மனதில் தோன்றும் தீர்வைச் சொல்லுங்கள், தப்பே இல்லை. கூடவே எந்த நேரத்தில், யார் முன்னால், கையில் என்ன வைத்துக்கொண்டு இருக்கும்போது அது தேவைப்படுகிறது என்பதையும் சொல்லுங்கள்.

நாங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்து உங்கள் வாழ்க்கை தெரியாது. வெளிநாட்டில் செய்யும் மென்பொருள் என்றால் இன்னும் மோசம். நம்மில் பலருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்து மட்டும்தான். படிவத்தில் கடைசிப் பெயர் கட்டாயம் என்றால் ஒருவர் புள்ளி வைப்பார், ஒருவர் தன் பெயரையே இரண்டு தடவை எழுதுவார், ஒருவர் அப்பா பெயரைப் போடுவார். பிறகு பயணச்சீட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று வாசலில் நிற்க வேண்டிவரும். “கடைசிப் பெயரைக் கட்டாயம் ஆக்காதீர்கள்” என்று மட்டும் எழுதினால் அது ஒரு தனி மனிதரின் விருப்பம் போலத் தெரியும். “என் ஊரில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் இல்லை, அதனால் இப்படி இப்படி ஆகிறது” என்று எழுதினால் முடிவெடுப்பவருக்கு அதன் கனம் தெரியும்.

ட்விட்டரில் வந்த ஹேஷ்டேக் ஒரு பயனர் சொன்ன யோசனை. கிறிஸ் மெசினா 2007 ஆகஸ்ட் 23 அன்று, குழுக்களைக் குறிக்க # குறியைப் பயன்படுத்தலாமா என்று கேட்டு ஒரு ட்வீட் போட்டார். பார்கேம்ப் என்ற தொழில்நுட்பக் கூட்டத்தின் பெயருக்கு முன்னால் அந்தக் குறியைப் போட்டு, எப்படி எழுதுவது என்பதையும் அதிலேயே காட்டிவிட்டார். நிறுவனம் அதை உடனே ஏற்கவில்லை. மக்கள் பயன்படுத்திப் பழகிய பிறகு, 2009-இல்தான் அந்தக் குறியைச் சொடுக்கினால் தேடல் பக்கம் திறக்கும்படி செய்தார்கள். யோசனையோடு அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ஓர் எடுத்துக்காட்டும் இருந்ததுதான் எனக்கு இதில் முக்கியமாகப் படுகிறது.

எங்கே சொல்வது என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும். ஆப் கடையில் ஒற்றை நட்சத்திரம் போடுவது உங்கள் உரிமை. ஆனால் எழுத்தே இல்லாத ஒற்றை நட்சத்திரத்தால் நீங்கள் கோபமாக இருப்பது மட்டும்தான் எங்களுக்குத் தெரியும், ஏன் என்று தெரியாது. இரண்டு வரி காரணம் எழுதுங்கள். சரியான பிறகு மதிப்பீட்டை மாற்றிக்கொள்ளவும் முடியும். லிப்ரே ஆபிஸ், ஃபயர்பாக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்களில் குறைப்பட்டியல் எல்லோருக்கும் திறந்தே இருக்கிறது. உங்கள் குறையை வேறு யாராவது ஏற்கெனவே பதிந்திருக்கிறார்களா என்று முதலில் தேடுங்கள். இருந்தால் “எனக்கும்தான்” என்று மட்டும் எழுதாமல், உங்களிடம் எது வித்தியாசமாக நடக்கிறது என்று சேர்த்து எழுதுங்கள். விண்டோஸ் 10, 11-இல் விண்டோஸ் பொத்தானோடு எஃப் அழுத்தினால் கருத்துச் சொல்லும் செயலி திறக்கும்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து அலட்சியம் செய்ய வேண்டாம். வங்கி, பணப்பரிமாற்ற ஆப் பற்றிப் பொதுவெளியில் புகார் எழுதும்போது போன் எண், கணக்கு எண் எதையும் போடாதீர்கள். “உங்கள் புகாரைப் பார்த்தோம், இந்த லிங்கைத் தொடுங்கள்” என்று முதலில் வருபவர் மோசடிக்காரராக இருக்கலாம். ஓடிபியையோ பின் எண்ணையோ எந்த உதவிப் பிரிவுக்கும் சொல்ல வேண்டிய தேவையே இல்லை. திரையைப் படமெடுத்து அனுப்பும் முன் அதில் ஆதார் எண், இருப்புத் தொகை, மற்றவர்களுடைய பெயர் தெரிகிறதா என்று பார்த்து மறைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழையுங்கள். இணைப்பில் ஓர் எண்ணை மாற்றினால் வேறொருவரின் பில் திறக்கிறது என்பது போன்ற பாதுகாப்பு ஓட்டை கண்ணில் பட்டால், அதைப் பொதுவில் எழுதாமல் நிறுவனத்துக்கு நேரடியாகத் தெரிவியுங்கள். அவர்கள் கண்டுகொள்ளாவிட்டால் கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பிடம் சொல்லலாம்.

சொன்னது எல்லாம் நடந்துவிடாது. ஆனால் பதில் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. ஒரு வாரம் பொறுத்து அதே செய்தியின் கீழே “என்ன ஆச்சு?” என்று கேளுங்கள். புதிய புகாராகப் போட்டால் பழைய விவரம் தனியாகப் போய்விடும். சரிசெய்துவிட்டோம் என்று நாங்கள் சொன்னால் நம்பி விட்டுவிடாமல், அப்டேட் செய்து அதே வேலையை ஒருமுறை செய்து பாருங்கள்.

விருதுநகர் அக்கா அதையும் செய்தார். இடத்தை 30 பைட்டிலிருந்து 120-ஆக உயர்த்தி அப்டேட் அனுப்பிய அன்று மாலையே மறுபடியும் இரண்டு பில் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. “புள்ளி வந்துருச்சு தம்பி. ஆனா ‘துவரம் பருப்பு முதல் தரம்’னு போட்டா விலை அடுத்த வரிக்குப் போயிருது. ‘துவரம் பருப்பு’ மட்டும் போட்டா ஒரே வரியில வருது.” அந்த வேலை இப்போது நடந்துகொண்டிருக்கிறது.