அம்மா கொடுத்த கிட்னிக்கும் மாத்திரை வேண்டும்

"மூணு வருசமாச்சுங்க, கிரியேட்டினின் நல்லாத்தான் இருக்குது. உடம்புக்குப் பழகிருச்சு, இன்னும் எதுக்குங்க மாத்திரை? எங்கம்மா குடுத்த கிட்னிதானுங்களே!" சிறுநீரக மாற்று செய்துகொண்டு, காங்கேயம், தாராபுரம் பக்கமிருந்து பரிசோதனைக்கு வருகிறவர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். கிரியேட்டினின் என்பது ரத்தத்தில் உள்ள ஒரு கழிவு, சிறுநீரகம் தளர்ந்தால் ஏறும்.

அம்மா கொடுத்ததுதான். ஆனால் அம்மாவின் திசு அடையாளத்தில் பாதிதான் பிள்ளைக்கு வரும். மீதிப் பாதி பிள்ளையின் உடம்புக்கு அந்நியம். அதைத் தாக்காதபடி உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைக்கத்தான் மாத்திரை. 1954-ல் பாஸ்டனில் வெற்றி கண்ட முதல் சிறுநீரக மாற்றுக்கு இந்த மருந்தெல்லாம் தேவைப்படவில்லை. கொடுத்தவரும் வாங்கியவரும் அச்சு அசல் ஒரே மாதிரியான இரட்டையர்கள்.

பழகிப்போவது என்று ஒன்று நிஜமாகவே உண்டு. எதிர்ப்புச் சக்தியின் வெள்ளையணுக்களில் ஒருவகை டி செல். அது அந்நியப் பொருளைக் கண்டதுமே தாக்கக் கிளம்பிவிடாது. 'ஆமாம், ஆபத்துதான்' என்று இரண்டாவது சமிக்ஞையும் வர வேண்டும். முதலாவது வந்து இரண்டாவது வராவிட்டால் அந்தச் செல் சாகாமலே மரத்துப்போகும். பிறகு அதே பொருளை மறுபடி காட்டினாலும் அசையாது. இதை அனெர்ஜி என்கிறோம். இதுபோக, மற்ற செல்களை அடக்கிவைக்கும் ஒழுங்குபடுத்தும் டி செல்களும் இருக்கின்றன. ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி 1995-ல் அடையாளம் காட்டியவை. அவருக்கும் அமெரிக்கர் இருவருக்கும் 2025-ல் நோபல் கிடைத்தது இதற்காகத்தான்.

நீங்கள் விழுங்கும் டாக்ரோலிமஸ் மாத்திரை இப்படி எதையும் பழக்குவதில்லை. டி செல்லுக்குள் சமிக்ஞை போகும் பாதையை அடைத்துவைக்கிறது, அவ்வளவுதான். ரத்தத்தில் மருந்து குறைந்தால் பாதை திறந்துவிடும். மருந்தே இல்லாமல் உறுப்பு நிலைப்பது கல்லீரல் மாற்றில் சிலருக்கு நடக்கிறது. சிறுநீரகத்தில் மிக அபூர்வம். அந்த அபூர்வ ஆள் நீங்கள்தானா என்று நிறுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. உடம்பு புதுச் சிறுநீரகத்தைத் தாக்குவதை நிராகரிப்பு என்கிறோம். அது பெரும்பாலும் வலிக்காது, சிறுநீரும் வழக்கம்போலப் போகும். கிரியேட்டினின் ஏறும்போது சேதம் தொடங்கியிருக்கும்.

எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று விற்கிற சீந்தில் பொடியையும் தொடாதீர்கள். சொந்தக்காரர் அன்பாகக் கொடுத்தாலும் சரி!

ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வருகிற அன்று காலை மாத்திரையைப் போடாமல் கையில் கொண்டு வாருங்கள். ராத்திரி போட்டதிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் கொடுத்துவிட்டு, அப்புறம் போடுங்கள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்க ஆசையென்றால் முதலில் எங்களிடம் கேளுங்கள். போகலாம் என்று சொன்னால், போகும் நாட்களுக்கு வேண்டியதோடு இன்னும் இரண்டு நாளுக்கான மாத்திரையும் உங்கள் தோள்பையிலேயே இருக்கட்டும், பின்னால் வரும் வண்டியில் வேண்டாம்.