பைக் பயணத்தைத் திரும்பி வரும் நேரத்திலிருந்து திட்டமிடுங்கள்

வேலூரில் எலும்பு மூட்டு மருத்துவராக இருக்கிறேன். ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ பைக்கில் போய் அடிபட்டு எங்களிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் ஞாயிறு சாயங்காலத்துக்கு மேல்தான் வருகிறார்கள். காலையில் ஏறும்போது விழுந்தவர் அபூர்வம். போகும்போது உடம்பும் கண்ணும் தெளிவாக இருக்கின்றன. திரும்பும்போது வெயிலில் காய்ந்த உடம்பு, நேரத்துக்குச் சாப்பிடாத வயிறு, இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும் என்ற அவசரம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அதனால், எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதிலிருந்து திட்டம் போடாதீர்கள். எத்தனை மணிக்குள் மலையை விட்டு இறங்கியிருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

நம் பக்கத்தில் ஒருநாள் சுற்றுக்கு எனக்குப் பிடித்தது ஜவ்வாது மலைதான். வேலூரிலிருந்து கணியம்பாடி, கண்ணமங்கலம், சந்தவாசல் வழியாகப் போளூர். அங்கிருந்து மலையேறி ஜமுனாமரத்தூர். பிறகு காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடியில் இறங்கி, ஆம்பூர், பள்ளிகொண்டா தாண்டி வீடு. மொத்தம் சுமார் 200 கிலோமீட்டர். கேட்கும்போது சின்னத் தூரமாகத் தெரியும். பாதிக்கு மேல் வளைவும் கிராமத்துச் சாலையும் என்பதால், வண்டி ஓடும் நேரம் மட்டுமே ஆறு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாலை ஐந்துக்கு வேலூரில் இருக்க வேண்டுமானால் மூன்றரைக்குள் வாணியம்பாடியைத் தொட வேண்டும். அதற்கு ஒன்றரைக்கு ஜமுனாமரத்தூரை விட்டுக் கிளம்ப வேண்டும். அங்கே நாலு மணி நேரமாவது நிம்மதியாக இருக்க வேண்டுமென்றால், வேலூரில் கிளம்புவது காலை ஐந்தரை. ஏழு மணிக்குப் போளூரில் டிபன். பெட்ரோலையும் அங்கேயே நிரப்பிவிடுங்கள். ஐந்தரைக்குப் பதில் எட்டரைக்குக் கிளம்ப நேர்ந்தால் இந்தச் சுற்றை அன்று விட்டுவிட்டு, வேலூருக்குப் பக்கத்திலேயே இருக்கும் அமிர்தி வரை போய் வாருங்கள். தாமதமாகக் கிளம்பி வேகத்தில் ஈடுகட்டுவதைத்தான் நான் பயப்படுகிறேன்.

இதே சுற்றை வாணியம்பாடி வழியாக ஏறி போளூர் வழியாக இறங்குகிறவர்களும் உண்டு. நான் அதை வேண்டாம் என்பேன். போளூர்–வேலூர் சாலையில் நடுவில் தடுப்பு கிடையாது. அந்தி நேரத்தில் பின்விளக்கு இல்லாத டிராக்டர், மேய்ச்சல் முடிந்து திரும்பும் மாடுகள், எதிரே ஹைபீமில் வரும் லாரி எல்லாம் களைத்த கண்ணுக்கு முன்னால் வரும். வாணியம்பாடி–வேலூர் தேசிய நெடுஞ்சாலையில் எதிர்வெளிச்சத் தொல்லை குறைவு. அங்கே பார்க்க வேண்டியது வேறு: இடது ஓரத்தில் இண்டிகேட்டர் போடாமல் நிற்கும் லாரி, ராங் சைடில் வரும் டூவீலர். பகல் வெளிச்சத்தில் இரண்டும் தூரத்திலேயே தெரிந்துவிடும். இருட்டினால் லாரியின் பின்பக்கம் கடைசி நிமிஷம் வரை தெரியாது.

காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இந்த வழியில்தான் இருக்கிறது. 1986 முதல் அங்கே 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இருண்ட வானத்துக்காகத் தேர்ந்தெடுத்த இடம் அது. பொழுது சாய்ந்த பிறகு அந்த மலைச்சாலையும் அதே இருட்டில்தான் கிடக்கும். டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடுகிறது என்பதையும் கணக்கில் வையுங்கள்.

வேலூர் வெயிலைப் பற்றி வேலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பைக்கில் அது ஏமாற்றும். காற்று அடித்துக்கொண்டே இருப்பதால் வியர்வை வந்த நொடியே காய்ந்துவிடுகிறது. சட்டை நனையாது. “வேர்க்கவே இல்ல டாக்டர்” என்பார்கள். உடம்பு அதற்குள் கணிசமாகத் தண்ணீர் இழந்திருக்கும். முதலில் தலைவலி, பிறகு எரிச்சல், பிறகு முடிவெடுப்பதில் தடுமாற்றம். கூட வந்தவர் காரணமில்லாமல் சிடுசிடுக்கத் தொடங்கினால் வண்டியை ஓரங்கட்டி நிழலில் உட்கார வையுங்கள். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், மணிக்கொரு முறை நிறுத்திக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் நீங்கள் குடித்தது போதவில்லை. நீர்மோர், இளநீர், கோடையில் நுங்கு எல்லாம் வழியிலேயே கிடைக்கும். ஓ.ஆர்.எஸ். கரைப்பதாக இருந்தால் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில் முழு பாக்கெட்டையும் கரையுங்கள். பாதியைக் கொட்டிக் கலக்கக் கூடாது. கத்திரி வெயில் நாட்களில் இந்தப் பயணமே வேண்டாம் என்பது என் கருத்து. மழைக்காலம் முடிந்து, அருவியில் தண்ணீர் இருக்கும்போது போங்கள்.

அடுத்தது தூக்கம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் மூன்று நொடி கண் சொக்கினால் வண்டி 50 மீட்டர் தானாக ஓடியிருக்கும். மணிக்கட்டு முறிந்து வந்த ஓர் இளைஞரிடம் கேட்டேன்.

“எப்படிப்பா விழுந்த?”

“தெரியல சார். ரோடு நல்லாத்தான் இருந்துச்சு.”

“மத்தியானம் என்ன சாப்பிட்ட?”

“ஆம்பூர்ல பிரியாணி சார்.”

“நேத்து ராத்திரி தூங்குனியா?”

“நைட் ஷிப்ட் சார். முடிச்சிட்டு அப்படியே கிளம்பிட்டோம்.”

ஷூ கம்பெனியில் வேலை. இரவு முழுக்க விழித்த உடம்பு, வயிறு நிறையச் சாப்பாடு, பிற்பகல் மூன்று மணி, நேர்கோட்டுச் சாலை. சாலை நன்றாக இருந்ததே அவருக்கு வினையானது. வளைவில் விழித்திருக்கும் மூளை, நேர்ச்சாலையில் அசந்துபோகிறது. முந்தைய இரவு ஆறேழு மணி நேரம் தூங்காதவர் ஓட்டக் கூடாது. ஆம்பூர் பிரியாணியைப் பார்சல் வாங்கிக்கொண்டு வீட்டில் போய்ச் சாப்பிடுங்கள். கொட்டாவி வந்தால் டீ மட்டும் போதாது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிடம் கண்ணை மூடுங்கள்.

சளிக்கும் அலர்ஜிக்கும் போடும் செட்டிரிசின் போன்ற மாத்திரைகள் மறுநாள் காலைவரை மந்தத்தைத் தரலாம். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ கிளிமிப்ரைடோ எடுப்பவர்கள் மருந்தை எடுத்துவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை தாழ்ந்துவிடும். கை நடுங்கும், பார்வை மங்கும், புத்தி குழம்பும். மலைமேல் சாப்பாட்டுக்கடை உங்கள் நேரத்துக்குத் திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள். சட்டைப் பையில் குளுக்கோஸும் பிஸ்கட்டும் இருக்கட்டும்.

இறக்கத்தில் பெட்ரோல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுவதை இன்னும் பார்க்கிறேன். தயவுசெய்து வேண்டாம். ஏறும்போது எந்த கியரில் ஏறினீர்களோ, அதே கியரில் இறங்குங்கள். இன்ஜினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஸ்கூட்டரில் இந்த உதவி குறைவு என்பதால் நடுநடுவே நிறுத்தி ஆறவிடுங்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும். வளைவுக்குள் போய் முன்பிரேக்கை அழுத்தினால் டயர் வழுக்கும். அறுவடைக் காலத்தில் சாமையையும் கேழ்வரகையும் தார்ச்சாலையிலேயே காயப்போட்டிருப்பார்கள். தானியத்தின் மேல் டயர் நிற்காது. ஓரம் கட்ட வைத்த கற்கள், தானியத்தை அள்ளிய பிறகும் சாலையில் கிடக்கும். ஏறி வரும் வண்டிக்கு வழிவிடுவது இறங்குகிறவரின் கடமை. பஸ் என்றால் வளைவு முழுவதையும் அதற்கு விட்டுக்கொடுத்து நில்லுங்கள்.

ஹெல்மெட், பின்னால் உட்காருகிறவருக்கும் சேர்த்து, பட்டி மாட்டியபடி. ஷூ, தடித்த பேன்ட். எல்லோரும் மறப்பது கையுறையை. விழும்போது எவரும் உள்ளங்கையைத்தான் முதலில் ஊன்றுகிறோம். தோலுக்குள் புதைந்த ஜல்லியை ஒவ்வொன்றாக எடுப்பது நோயாளிக்குக் கொடுமையான வலி. துப்பட்டாவையும் முந்தானையையும் இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள். சிறு பிள்ளைகளை இவ்வளவு தூரம் பைக்கில் கூட்டிப்போக வேண்டாம்.

வழியில் யாராவது அடிபட்டுக் கிடந்தால், முதலில் பின்னால் வரும் வண்டிகளை எச்சரியுங்கள். பிறகு 108. மலையில் சில இடங்களில் சிக்னல் இருக்காது, ஒருவரை முன்னால் அனுப்புங்கள். இடம் சொல்லத் தெரியாவிட்டால் கிலோமீட்டர் கல்லில் இருப்பதைப் படித்துச் சொல்லுங்கள். ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடியுங்கள். காப்பித்தூளும் மஞ்சளும் வைக்காதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள், அறுவை சிகிச்சை தேவைப்படலாம். மூச்சுக்குத் தடை இல்லையென்றால் ஹெல்மெட்டைக் கழற்ற முயல வேண்டாம். கைகால் பிடித்துத் தூக்கி உட்கார வைக்கவும் வேண்டாம்.

போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டுமோ என்று தயங்குகிறார்கள். 2019 திருத்தத்தில் வந்த மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவி செய்தவரைப் பாதுகாக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வெளிமாநிலத்தவருக்கும் உண்டு. கூட வருகிறவர் எங்களிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும்: எத்தனை மணிக்கு அடிபட்டது, நினைவு தப்பியதா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரை அட்டை பையில் இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.