வண்டி கிளம்பிய பிறகு

"அவர் மாறிட்டார் மேடம், பாருங்க" என்று ஆலோசனைக்கு வந்த பெண் கைபேசியை நீட்டினார். மருத்துவமனைக் கட்டிலுக்குப் பக்கத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே கணவர் தூங்குகிற படம். கழுத்து ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது, ஒரு செருப்பு கழன்று கிடக்கிறது. நான்கு ராத்திரி அப்படியே இருந்தாராம். குடும்பநல ஆலோசகராக, இந்த மாதத்தில் மட்டும் இது எனக்கு மூன்றாவது 'மாறிட்டார்'. (அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.) பொறுமை போய்த்தான் எழுதுகிறேன்.

பயிற்சிக்கு வரும் புதியவர்களுக்கு நான் போட்டுக் காட்டும் படம் ஒன்று உண்டு. வில்லியம் வைலர் இயக்கி 1938இல் வந்த 'ஜெஸபெல்'. நாயகி ஜூலியாக நடித்த பெட்டி டேவிஸுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்தது. கதை நடப்பது 1850களில், அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில். மணமாகாத பெண்கள் வெள்ளை உடுத்தி வரவேண்டிய நடன விருந்துக்கு, வீம்புக்கென்றே சிவப்புக் கவுனில் போகிறாள் ஜூலி. நிச்சயித்திருந்த பிரெஸ்டன் பிரிந்து போகிறான், பிறகு எமி என்ற மனைவியோடு திரும்புகிறான். ஆத்திரத்தில் ஜூலி மூட்டிவிடும் தகராறு துப்பாக்கிச் சண்டையில் முடிந்து, அவளையே சுற்றிவந்த பக் செத்துப்போகிறான். அப்புறம் மஞ்சள் காய்ச்சல். பிரெஸ்டன் படுத்துவிடுகிறான். நோயாளிகளை ஒதுக்கிவைக்கும் தீவுக்கு அனுப்பும் வண்டியில் தானே கூடப் போவதாக எமியிடம் கெஞ்சிச் சம்மதம் வாங்குகிறாள் ஜூலி. வண்டி நகர்கிறது. படம் முடிகிறது.

"திருந்திவிட்டாளா?" என்று கேட்டால் முக்கால்வாசிக் கை உயரும்.

மஞ்சள் காய்ச்சலைக் கொசுதான் பரப்புகிறது, தொட்டால் ஒட்டாது என்று அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு கியூபாவில் நிரூபித்தது 1900இல். ஜூலிக்கு அது தெரிய வழியில்லை. செத்தாலும் சரி என்றுதான் ஏறினாள், அதில் பொய் இல்லை. ஆனால் அவள் கெஞ்சுவதைக் கவனித்துக் கேளுங்கள். தன் அழுக்கைக் கழுவிக்கொள்ள ஒரு வாய்ப்புக் கேட்கிறாள். அதற்கான விலையைக் கொடுப்பது, கணவனை அனுப்பிவிட்டு நிற்கும் எமி. ஜூலிக்குக் கிடைப்பது முதல் காட்சியிலிருந்து அவள் விரும்பிய ஆள். செத்துப்போன பக்குக்கு அந்த வண்டியில் எதுவும் இல்லை.

நான் மதிப்பெண் போடுவது வேறொரு இடத்துக்கு. பிரெஸ்டன் இன்னும் ஜூலியைத்தான் நேசிக்கிறானா என்ற சந்தேகம் எமிக்கு. இல்லை, உன்னைத்தான் என்கிறாள் ஜூலி. தன் வாயால் அதைச் சொல்வது அவளுக்கு எவ்வளவு கஷ்டம்! "அதைச் சொன்னதால்தானே அனுமதி கிடைத்தது மேடம்?" என்று ஒரு பயிற்சி மாணவி கேட்டாள். அதற்கு என்னிடம் இன்றுவரை பதில் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தியாகம் உண்மை என்றால் மாற்றமும் உண்மை என்று நினைக்கிறீர்களே, அதுதான் எனக்குத் தலைவலி. அந்த நான்கு ராத்திரியும் அவர் நடிக்கவில்லை, உண்மையாகவே தூங்காமல் இருந்தார். ஒப்புக்கொள்கிறேன். ஆபத்து நேரத்தில் என்ன செய்யவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும், பார்க்க நாலு பேர் இருப்பார்கள், சில நாளில் முடிந்தும்விடும். பாலில் தண்ணீர் கூடிப்போன சாதாரண செவ்வாய்க்கிழமைக் காலையில் அவர் குரல் எப்படி இருக்கிறது? ஜூலிக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை வருவதற்குள் படம் முடிந்துவிடுகிறது. உங்களுக்கு வாராவாரம் வரும்.

அதனால், தியாகம் நடந்த சூட்டில் எந்த முடிவும் எடுக்காதீர்கள். நன்றி சொல்லுங்கள், சில மாதம் பாருங்கள். செய்த தப்பைப் பெயர் சொல்லி மன்னிப்புக் கேட்டாரா, இல்லை "நடந்ததை மற" என்றாரா? அடுத்த சண்டையில் "உனக்காக நான் என்னவெல்லாம் செய்தேன்" என்று கணக்கு வந்தால் அது கடன், வட்டியோடு வசூலாகும். அடிக்கிற கை என்றால் எந்தத் தியாகத்துக்கும் காத்திருக்காதீர்கள். தயவுசெய்து முதலில் பத்திரமான இடத்துக்குப் போய்விடுங்கள், திருந்தினாரா என்பதை அங்கிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

அந்தப் பெண்ணிடம் கடைசியாக ஒன்று கேட்டேன். "வீட்டுக்கு வந்த பிறகு வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது யார்?"

கைபேசியை அணைத்து மடியில் வைத்தார். "என் தங்கச்சி" என்றார்.