ஜீப்பின் அடியில் ‘டங்’ என்று கேட்டால்…

போடிநாயக்கனூரில் விடிவதற்கு முன்பே ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு ஜீப்கள் கிளம்பிவிடும். போடிமெட்டு வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். அப்புறம் எஸ்டேட் பாதை, கல்லும் சேறும்தான். ஒவ்வொரு பள்ளத்திலும் பின் அச்சு கமான் பட்டையோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது. ஆனால் எஞ்சினும் கியர் பாக்ஸும் சேஸிஸில் முடுக்கப்பட்டு அசையாமல் நிற்கின்றன. இந்த இரண்டுக்கும் நடுவே சுழன்றபடி விசையைக் கொண்டுபோவது ஓர் இரும்புக் குழாய், அதாவது புரொப்பெல்லர் ஷாஃப்ட். அதை இரு முனைகளிலும் விறைப்பாக மாட்டியிருந்தால் முதல் பள்ளத்திலேயே முறிந்துவிடும். முறியாமல் காப்பது யுனிவர்சல் ஜாயின்ட். பட்டறையில் அதற்குப் பெயர் ‘கிராஸ்’.

பெயருக்கேற்ப அது கூட்டல் குறி வடிவில் இருக்கும் உள்ளங்கை அளவு இரும்பு. நான்கு முனைகளிலும் மூடி போல நான்கு கப்கள். ஒவ்வொரு கப்பின் உள்சுவரிலும் ஊசி போல மெல்லிய சின்ன உருளைகள் நெருக்கமாக நிற்கும். எதிரெதிரான இரண்டு கப்கள் ஒரு கவையிலும், மற்ற இரண்டு அடுத்த கவையிலும் உட்காரும். இந்தக் கவையைத்தான் மெக்கானிக்குகள் யோக் என்கிறார்கள். இதற்கு யுனிவர்சல் ஜாயின்ட் என்ற பெயரை 1676-இல் பயன்படுத்தியவர் ராபர்ட் ஹூக். காருக்கு ஏற்றபடி செய்து 1903-இல் காப்புரிமை பெற்றவர் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஸ்பைசர்.

இந்த ஜாயின்ட்டில் ஒரு விசித்திரம் உண்டு. வளைந்த நிலையில் ஒரு பக்கத்தைச் சீரான வேகத்தில் சுற்றினாலும் மறுபக்கம் சீராகச் சுற்றாது. வளைவு 20 டிகிரி என்று வையுங்கள். இந்தப் பக்கம் நிமிடத்துக்கு 1,000 சுற்று என்றால் அந்தப் பக்கத்தின் வேகம் ஏறத்தாழ 940-க்கும் 1,064-க்கும் இடையே ஊசலாடும். அதுவும் ஒரே சுற்றுக்குள் இரண்டு தடவை. வண்டியில் இது நமக்குத் தெரியாததற்குக் காரணம், ஷாஃப்ட்டின் மறுமுனையிலும் ஒரு கிராஸ் இருப்பதுதான். முதலாவது முந்தும் நேரத்தில் இரண்டாவது பிந்தும், இரண்டும் கழிந்துபோகும். ஆனால் அதற்கு ஷாஃப்ட்டின் இரு முனை யோக்குகளும் ஒரே நேரில் இருக்க வேண்டும், இரண்டு பக்க வளைவும் சமமாக இருக்க வேண்டும். ஷாஃப்ட்டின் நடுவில் நீண்டு சுருங்கும் பல்வரிசையைக் கழற்றி, ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் போதும், வண்டி நடுங்கத் தொடங்கும். அதனால் கழற்றும் முன் இரண்டு பாதியிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

சரி, கிராஸ் ஏன் தேய்கிறது? பழைய சிஜே-3பி ஜீப்பின் பின் அச்சு விகிதம் 5.38, அதாவது பின் சக்கரம் ஒரு தடவை சுற்ற ஷாஃப்ட் 5.38 தடவை சுற்ற வேண்டும். அந்தக் கால டயரோடு கணக்கிட்டால், ஒரு கிலோமீட்டர் ஓட ஷாஃப்ட் ஏறத்தாழ 2,400 தடவை சுற்றுகிறது. ஆனால் கப்புக்குள் இருக்கும் ஊசிகள் முழுச் சுற்று சுற்றுவதே இல்லை. தொட்டில் போல இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் ஆடுகின்றன. அதே சின்ன இடத்தில், முழுப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு. அங்கிருக்கும் கிரீஸ் பிதுங்கி ஒதுங்கிவிடுகிறது, தானாகத் திரும்பி வருவதில்லை. ஷாஃப்ட் வளைவே இல்லாமல் நேராக இருந்தால் நல்லதுதானே என்று தோன்றும். இல்லை. அப்போது ஊசிகள் துளியும் அசையாமல் ஒரே இடத்தில் அழுந்திப் பள்ளம் போட்டுவிடும்.

அதனால்தான் கிரீஸ் அடிப்பது என்றால் நிப்பிளில், அதாவது கிரீஸ் உள்ளே போகும் சின்ன முனையில், இரண்டு அழுத்து அழுத்திவிட்டுப் போவதல்ல. முதலில் நிப்பிளைத் துடையுங்கள், இல்லையென்றால் மண்ணையும் சேர்த்து உள்ளே தள்ளுவீர்கள். நான்கு கப்பின் ஓரத்திலும் கறுத்த பழைய கிரீஸ் வெளியேறி, புதிது எட்டிப்பார்க்கும் வரை அடிக்க வேண்டும். ஒரு கப்பில் மட்டும் வரவில்லையா? ஷாஃப்ட்டைக் கையால் அந்தப் பக்கமிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு அடியுங்கள், வழி திறக்கும். ஆற்றிலோ ஓடையிலோ இறங்கி ஏறிய வண்டிக்கு அன்றே அடித்துவிடுவது நல்லது.

கப்பின் ஓரத்தில் சிவந்த துருத்தூள் தெரிந்தாலோ, மெதுவாகப் போகும்போது தாளம் தவறாமல் ‘கீச் கீச்’ என்றாலோ உள்ளே கிரீஸ் வற்றிவிட்டது. முன் கியரிலிருந்து ரிவர்ஸுக்கு மாற்றும்போது ‘டங்’ என்று கேட்டு, ஷாஃப்ட்டைப் பிடித்து ஆட்டினால் கப்புக்குள் ஆட்டமும் தெரிந்தால், இனி கிரீஸ் உதவாது. மாற்றத்தான் வேண்டும்.

கழற்றும் முன் ஒரு விஷயம், உயிர் சம்பந்தப்பட்டது. பழைய வில்லிஸ் வகை ஜீப்களில் கை பிரேக் சக்கரத்தில் இல்லை. கியர் பாக்ஸிலிருந்து வரும் விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்னால், ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. பின் ஷாஃப்ட்டைக் கழற்றிய நொடியே கை பிரேக் இருந்தும் இல்லாத மாதிரிதான். கியரில் போட்டிருந்தாலும் பின் சக்கரத்தைப் பிடிக்காது. சமதளத்தில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் அடியில் படுக்காதீர்கள்.

புதிய கப்பை வைஸில், அதாவது பட்டறை மேஜையின் இடுக்கியில், வைத்து அழுத்தும்போதுதான் பலரும் தோற்கிறார்கள், நானும் தோற்றிருக்கிறேன். ஓர் ஊசி சாய்ந்து கப்பின் அடியில் படுத்துவிடும். கப் முழுதாக இறங்காது, கப் வெளியே வராமல் பிடிக்கும் லாக் அதன் பள்ளத்தில் உட்காராது. அப்போது சுத்தியலைத் தூக்கினால் கப் நொறுங்கும். கழற்றிப் பாருங்கள், ஊசி அங்கே கிடக்கும். உள்ளே கொஞ்சம் கெட்டியாகக் கிரீஸ் தடவி ஊசிகளை ஒட்ட வைத்து, கிராஸின் முனையைப் பாதி கப்புக்குள் நுழைத்துப் பிடித்தபடியே அழுத்தினால் அவை சாயாது. நிப்பிள் கிரீஸ் கன் எட்டும் பக்கம் பார்த்திருக்கட்டும். லாக்குகள் உட்கார்ந்ததும் யோக்கின் காதுகளில் லேசாக ஒரு தட்டு தட்டுங்கள். இறுக்கம் விட்டு, கிராஸ் விரலால் தள்ளினாலே அசையும்.

பழைய கிராஸை உடனே தூக்கிப் போடாதீர்கள். மண்ணெண்ணெயில் கழுவி, முனையின் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் வழவழப்பாக இருக்கும். முன்னோக்கி இழுக்கும் பாரம் விழுந்த பக்கத்தில் மட்டும், ஊசிக்கு ஒன்றாக, வரிவரியான பள்ளங்கள் நகத்தில் தட்டும்.