திருடினாலும் கணுவோடு திருடுங்கள்

மணி பிளான்ட்டைக் காசு கொடுத்து வாங்கக் கூடாது, பக்கத்து வீட்டில் திருடி வைத்தால்தான் செழிக்கும் என்பார்கள். பணம் சேருமோ என்னவோ, இந்தச் செடி உலகம் முழுக்கப் பரவியது ஒடித்து ஒடித்துத்தான். பசிபிக் கடலில் உள்ள மொரேயா தீவு அதன் பூர்வீகம். அது பூப்பது மிக மிக அரிது. பூக்கத் தூண்டும் ஜிப்பரெல்லின் ஹார்மோனைத் தயாரிக்க வேண்டிய மரபணு ஒன்று அதில் சரியாக வேலை செய்வதில்லை என்று 2016இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். அந்த ஹார்மோனைத் தெளித்ததும் பூத்துவிட்டது! பூ இல்லாவிட்டால் விதை ஏது? முருங்கைக்குப் போத்து நடுவதுபோல இதற்கும் தண்டுதான் கதி.

அவசரத்தில் பலர் காம்போடு ஓர் இலையை மட்டும் கிள்ளி வருவார்கள். நானும் அப்படி ஒரு தடவை ஏமாந்தேன். தண்ணீரில் வேர்கூட விட்டது, மாதக்கணக்கில் பச்சையாகவே நின்றது, ஆனால் ஒரு துளிரைக் காணோம். துளிர்க்க மொட்டு வேண்டும். அது இருப்பது இலைக்காம்பு தண்டோடு சேரும் இடமான கணுவில்.

கணுவில் பழுப்பாக ஒரு சின்ன முண்டு தெரியும். அதுதான் வேரின் தொடக்கம். நுனியிலும் இளம் இலைகளிலும் உருவாகும் ஆக்சின் என்ற ஹார்மோன் தண்டு வழியே கீழே இறங்கிக்கொண்டே இருக்கும். தண்டை வெட்டினால் அதற்கு மேற்கொண்டு வழியில்லை, வெட்டுவாயருகே தேங்குகிறது. அந்தத் தேக்கம்தான் அங்குள்ள செல்களை வேராக மாறச் சொல்லும் கட்டளை. மணி பிளான்ட்டில் முண்டு ஏற்கெனவே தயாராக இருப்பதால் பாதி வேலை மிச்சம்.

ஆகவே கணுவுக்கு ஒரு விரற்கடை கீழே வெட்டுங்கள். கணு தண்ணீருக்குள், இலை வெளியே. வேரும் மூச்சுவிட வேண்டும் என்பதால் சில நாளுக்கொரு முறை தண்ணீரை மாற்றுங்கள். வெளிச்சம் வேண்டும், சுள்ளென்ற வெயில் ஆகாது. கண்ணாடி பாட்டிலில் பாசி பிடித்தால் மேலே ஒரு காகிதத்தைச் சுற்றிவிடுங்கள். வேர் இரண்டு அங்குலம் வந்ததும் மண்ணுக்கு மாற்றலாம். தண்ணீரில் வளர்ந்த வேருக்கு மண் புதிது, அதனால் முதல் வாரம் செடி வாடும். ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் தேறிவிடும்.

வெட்டியபின் கையைக் கழுவுங்கள். அதன் சாற்றில் ஊசிபோன்ற கால்சியம் ஆக்ஸலேட் படிகங்கள் உண்டு, அரிக்கும்.

அப்புறம், பக்கத்து வீட்டுச் செடிக்கும் நஷ்டமில்லை. நுனி இருந்தவரை அதன் ஆக்சின் கீழ்க்கணு மொட்டுகளை அடக்கி வைத்திருந்தது. நுனி போனதும் அவை விழித்துக்கொள்கின்றன. கொஞ்ச நாளில் அவர் வீட்டுக் கொடியில் புதுக் கிளை எட்டிப் பார்க்கும்.