கார்களுக்குள் போன பெட்ரோல்

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "2005-இல் கத்ரினா சூறாவளி தாக்கியது லூசியானாவையும் மிசிசிப்பியையும். சுமார் 700 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் அட்லாண்டாவில் எதற்குப் பெட்ரோலுக்கு அத்தனை நீள வரிசை?"

பாதிப் பதில் சுலபம். அமெரிக்காவின் சுத்திகரிப்பு ஆலைகள் பெருமளவு மெக்சிகோ வளைகுடாக் கரையில்தான் குவிந்திருக்கின்றன. அங்கிருந்து தென்கிழக்கு மாநிலங்களுக்கு எரிபொருளைக் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் இரண்டு: கொலோனியல், பிளாண்டேஷன். ஆகஸ்ட் 29 அன்று கரையைக் கடந்த கத்ரினா, பம்பு நிலையங்களின் மின்சாரத்தைப் பறித்துவிட்டது. பம்பு ஓடாவிட்டால் குழாய் வெறும் நீளமான தொட்டிதான். ஓடும்போதும் கொலோனியலில் பெட்ரோல் நகர்வது மணிக்கு 5 முதல் 8 கிலோமீட்டர். அதாவது நாம் வேக நடை போடுகிற வேகம். ஹூஸ்டனில் கிளம்பினால் நியூயார்க் போய்ச் சேர ஏறக்குறைய 18 நாள்.

சரி, வழியெங்கும் சேமிப்புத் தொட்டிகள் இருக்கின்றனவே, தட்டுப்பாடும் மெதுவாகத்தானே வந்திருக்க வேண்டும்? வரவில்லை. ஆகஸ்ட் 31 அன்று, மாலைக்குள் பெட்ரோல் பங்குகளை மூடப்போகிறார்கள் என்று அட்லாண்டாவில் ஒரு வதந்தி. சில மணி நேரத்தில் வரிசை சாலைக்கு வந்துவிட்டது. சில இடங்களில் கேலன், அதாவது 3.8 லிட்டர், 5 டாலரைத் தாண்டியது.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இங்கேதான் வருகிறது. ஒரு துண்டுக் காகிதம் போதும்.

காரின் டேங்க் 50 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண நாளில் கால் டேங்குக்கு இறங்கியதும் நிரப்புகிறோம். வாரம் ஒருமுறை, 37.5 லிட்டர். ஊரில் ஒருவர் டேங்க் நிறைந்திருக்கும், இன்னொருவருடையது காலியாகப் போகும். எல்லாம் சேர்த்துச் சராசரி பார்த்தால் ஒரு காரில் சுமார் 19 லிட்டருக்கு இடம் காலி. இந்தக் காலி இடத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் அதுவும் ஒரு பெரிய சேமிப்புக் கிடங்குதான்! பயம் வந்த அன்று எல்லாரும் அதை நிரப்ப வருகிறார்கள். ஒரு காருக்கு ஒரு நாளைக்குத் தேவை ஐந்தரை லிட்டருக்கும் குறைவு. இப்போது ஒரே நாளில் 19 லிட்டர். மூன்றரை நாள் விற்பனை. பத்து லட்சம் கார் என்றால் 1.9 கோடி லிட்டர். 32,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் ஏறக்குறைய 590 லோடு. யாரும் ஒரு சொட்டுகூடக் கூடுதலாக எரிக்கவில்லை. பங்கின் நிலத்தடித் தொட்டியில் இருந்தது கார்களுக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

அப்புறம் இரண்டாவது அடி. பயந்தவர் கால் டேங்க் வரை காத்திருப்பதில்லை. முக்காலுக்கு இறங்கியதுமே வந்துவிடுகிறார். வாரம் ஒருமுறை வந்தவர் மூன்று முறை வருகிறார். வாங்கும் மொத்த லிட்டர் அதேதான், வரிசை மட்டும் மும்மடங்கு. அந்த வரிசையைப் பார்த்து இன்னும் நாலு பேர் பயப்படுகிறார்கள். வதந்தி பொய்யாகவே இருக்கட்டும், சாயங்காலம் தொட்டி வறண்ட பங்கு மூடித்தானே ஆக வேண்டும்?

சூறாவளிக்குள் விமானத்தையே அனுப்பிக் காற்றை அளக்கிறார்கள். நியாயமான செலவு, குறை சொல்லவில்லை. ஆனால் வரிசை எப்படிப் பிறக்கிறது என்று அளக்கவும் கொஞ்சம் பணம் ஒதுக்கலாம் என்பது என் கட்சி. ஏனென்றால் அரசுகள் கையில் எடுக்கும் மருந்துகள் ஒரே தரத்தில் இல்லை. செப்டம்பரில் ரீட்டா சூறாவளி வந்தபோது அட்லாண்டா இருக்கும் ஜார்ஜியா மாநிலத்தின் ஆளுநர் சோனி பெர்டியூ, பேருந்து டீசலை மிச்சப்படுத்தப் பள்ளிகளை இரண்டு நாள் மூடச் சொன்னார். எரிப்பது உண்மையிலேயே குறையும், ஆனால் கார் வரிசையை அது தொடவில்லை. 2012-இல் சாண்டி சூறாவளிக்குப் பிறகு நியூ ஜெர்சியிலும் நியூயார்க் நகரிலும் வண்டி எண் ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்று பார்த்து நாள் பிரித்தார்கள். கூட்டம் பிரியும், ஆனால் 'இன்று விட்டால் நாளை கிடையாது' என்று முக்கால் டேங்கோடு வருபவரை அது தடுக்காது.

எனக்குப் பிடித்தது 1979 தட்டுப்பாட்டில் சில மாநிலங்கள் போட்ட விதி: இவ்வளவுக்குக் குறைவாக வாங்க முடியாது. அந்த அளவு 25 லிட்டர் என்று வைத்தால், முக்கால் டேங்கோடு வந்து நிற்பவர் வண்டியில் இடம் இருப்பதோ 12 லிட்டருக்கு. திரும்பிப் போக வேண்டியதுதான்.