இனிஷியலில் தொலையும் மேற்கோள்கள்

பெங்களூரின் நோயெதிர்ப்பியல் ஆய்வகங்களில் தமிழ்க் குரல் கேட்காத இடம் குறைவு. உதவிப் பேராசிரியர் வேலைக்கோ ஆய்வு நிதிக்கோ விண்ணப்பிக்கும் காலம் வந்தால், படிவத்தில் ஒரு சின்னக் கட்டம் காத்திருக்கும்: மொத்த மேற்கோள்கள் (உங்கள் கட்டுரைகளைப் பிறர் தங்கள் கட்டுரைகளில் சுட்டிய எண்ணிக்கை), எச்-இண்டெக்ஸ் (கட்டுரை எண்ணிக்கையையும் மேற்கோளையும் ஒரே எண்ணாக்கும் அளவு). பலரும் ஆய்வுக் கட்டுரைகளைத் தேடும் கூகுள் ஸ்காலரைத் திறந்து, வலப்பக்கம் தெரியும் எண்ணை அப்படியே எழுதிவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். தேர்வுக்குழுவில் இருப்பவர் அதையே ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் பார்க்கிறார். கூகுளில் எச் 14, ஸ்கோபஸில் 9. யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள், ஆனால் ஒரு சந்தேகம் விழுந்துவிடும்.

இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கலாம். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (ஏட்டில் அச்சாகும் முன் இணையத்தில் இடும் வடிவம்), மாநாட்டுச் சுருக்கம், புத்தக அத்தியாயம் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எண்ணும். ஸ்கோபஸும் அதைப் போன்ற வெப் ஆஃப் சயின்ஸும் தாங்கள் தேர்ந்தெடுத்த வெளியீடுகளுக்குள்ளேதான் எண்ணும். ஆகவே, எந்தத் தளம், எந்தத் தேதி என்று சொல்லாத எச்-இண்டெக்ஸ் அலகு எழுதாத அளவு மாதிரி. ஆனால் தமிழர்களைப் பொறுத்தவரை பெரிய ஓட்டை தளத்தில் இல்லை, பெயரில் இருக்கிறது.

எஸ். கார்த்திகா என்று ஓர் ஆய்வாளரை வைத்துக்கொள்வோம். மதுரைக் கல்லூரியில் எம்.எஸ்சி. படித்தபோது வந்த கட்டுரையில் இனிஷியல் பின்னால் நின்றது. பெங்களூரில் பி.எச்டி. செய்தபோது அது முன்னால் வந்தது. வெளிநாட்டுக்குப் போஸ்ட்டாக் (பி.எச்டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி) போகும் நேரத்தில் பாஸ்போர்ட்டின் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரைப் போட்டதால், அங்கே கார்த்திகா சுப்பிரமணியன் ஆனார். மேற்கத்தியக் கணினிக்கு இனிஷியல் என்றால் என்னவென்று தெரியாது. கடைசியில் நிற்பதைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும். முதல் கட்டுரையில் ‘எஸ்’ என்ற ஒற்றை எழுத்தே குடும்பப்பெயர். இரண்டாவதில் கார்த்திகா குடும்பப்பெயர். மூன்றாவதில் ‘சுப்பிரமணியன் கே’. ஒரே ஆள், மூன்று அடையாளம், மூன்று தனித்தனி எச்-இண்டெக்ஸ். இதில் மூன்றாவது இன்னும் வம்பு: அதே பெயரில் ஒரு பல் மருத்துவரும் ஒரு மண்ணியலாளரும் இருந்தால் அவர்களுடைய கட்டுரைகளும் இவர் கணக்கில் வந்து உட்காரும். கட்டுரையைச் சமர்ப்பிக்கும் வடக்கத்திய சக ஆசிரியர், ஆங்கில எழுத்துக்கூட்டலில் ‘த்தி’க்கு உள்ள ‘எச்’ எழுத்தை விழுங்கிவிட்டால் நான்காவது அடையாளமும் தயார். ஊர்ப்பெயர், அப்பா பெயர் என்று இரண்டு இனிஷியல் வைத்திருக்கும் கன்னடக்காரர்களுக்கும் இதே தலைவலிதான்.

எனவே எண்ணைத் தொடுவதற்கு முன்னால் பட்டியலைச் சரிசெய்ய வேண்டும். 25 கட்டுரை உள்ளவருக்கு ஒரு மதியம் போதும். முதலில் எக்செலில் ஒரு தாள்: ஒரு வரிசைக்கு ஒரு கட்டுரை. டிஓஐ எண் (ஒவ்வொரு கட்டுரைக்கும் உரிய நிரந்தர இணைய அடையாளம்), பப்மெட் எண் (மருத்துவக் கட்டுரைத் தளமான பப்மெட் தரும் எண்), வெளியான ஆண்டு, வகை (மூலக் கட்டுரை, பிறர் ஆய்வுகளைத் தொகுக்கும் மீளாய்வு, கடிதம், செய்முறை வழிகாட்டி), உங்கள் இடம் (முதல், இணை முதல், நடு, ஏட்டோடு கடிதத் தொடர்பைக் கவனிக்கும் தொடர்பு ஆசிரியர்). தலைப்பை நம்பாதீர்கள். முன்பதிப்புக்கு ஒரு தலைப்பும் அச்சானதற்கு வேறு தலைப்பும் இருப்பது சகஜம். டிஓஐ மட்டும்தான் பிடிமானம்.

அடுத்து ஆர்க்கிட் (ORCID), ஆய்வாளருக்கான அடையாள எண். 2012இல் தொடங்கிய இந்த 16 இலக்க எண் இலவசம். அதில் ‘பிற பெயர்கள்’ என்ற பகுதியில் உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் போடுங்கள். டிஓஐ பதிவுகளைக் காக்கும் கிராஸ்ரெஃப் தானாகப் புதுப்பிக்க அனுமதி கொடுங்கள். கட்டுரை அனுப்பும்போதே ஆர்க்கிட் எண்ணைக் கொடுத்திருந்தால், ஏட்டின் பதிப்பாளர் அதைப் பதிவுசெய்ததும் கட்டுரை தானாக வந்து சேரும். ஸ்கோபஸுக்குச் சந்தா இல்லாவிட்டாலும் ஆசிரியர் தேடல் திறந்தே இருக்கிறது. உங்கள் பெயரின் ஒவ்வொரு வடிவத்தையும் போட்டுத் தேடி, வரும் சுயவிவரங்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்றாக இணைக்கும்படி கோரிக்கை அனுப்பலாம். சேர வேண்டியதைச் சேர்க்கிற அதே வேகத்தில் உங்களுடையது அல்லாததை நீக்கவும் கோருங்கள். பலர் முதல் பாதியை மட்டும் செய்கிறார்கள். நேர்காணலில் மண்ணியல் கட்டுரையைப் பற்றிக் கேட்டால் விழிக்க வேண்டியிருக்கும். திருத்தம் ஏற நாளாகும், ஆகவே கடைசி வாரத்துக்கு வைக்காதீர்கள். கூகுள் ஸ்காலரில் கட்டுரைகள் தானாகச் சேரும் அமைப்பை அணைத்துவிட்டு, மின்னஞ்சலில் கேட்டுச் சேர்க்கும்படி மாற்றுங்கள்.

கூகுள் ஸ்காலரில் இரண்டாவது பத்தியில் தெரியும் ‘இந்த ஆண்டிலிருந்து’ எண்ணையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அது கடந்த 5 ஆண்டில் வெளியான கட்டுரைகளின் கணக்கு இல்லை. பழையது புதியது எதுவானாலும், அந்த 5 ஆண்டில் கிடைத்த மேற்கோள்களின் கணக்கு.

இனி எண்ணுக்கு வருவோம். எச்-இண்டெக்ஸை 2005இல் முன்வைத்தவர் ஹோர்ஹே ஹிர்ஷ், இயற்பியலாளர். கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்கி, வரிசை எண்ணுக்குக் குறையாமல் மேற்கோள் இருக்கும் கடைசி இடத்தில் நில்லுங்கள். அவ்வளவுதான். இப்படி ஒரு பட்டியல்: 640, 118, 52, 31, 22, 15, 9, 7, 7, 3, 1, 0. ஏழாவது கட்டுரைக்கு 9, எட்டாவதுக்கு 7. ஆக, எச் 7. மொத்த மேற்கோள் 905.

இப்போது கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். அந்த 640 என்ன? நோயெதிர்ப்பியலில் அது பெரும்பாலும் கூட்டு வழிகாட்டியாக இருக்கும். ஐரோப்பிய நோயெதிர்ப்பியல் ஏடு, செல்களை ஒளியால் ஒவ்வொன்றாக அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு 2017, 2019, 2021 ஆண்டுகளில் வெளியிட்ட வழிகாட்டிகளில் நூற்றுக்கணக்கான ஆசிரியர்கள். செல் வரிசைப்படுத்தும் எந்த ஆய்வகமும் அதை மேற்கோள் காட்டும், காட்டத்தான் வேண்டும். அதில் ஒரு பக்கம் எழுதியவர் கணக்கிலும் முழு மேற்கோளும் ஏறும். 118 ஒரு மீளாய்வுக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மொத்தம் 905இலிருந்து 147 ஆகிறது. எச்? அப்போதும் 7தான், 52, 31, 22, 15, 9, 7, 7 என்று ஏழு நிற்கிறது. வேண்டுமானால் விரல் விட்டு எண்ணிப் பாருங்கள்.

இதிலிருந்து எச் நல்லது, மொத்தம் கெட்டது என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சொந்தக் கண்டுபிடிப்பான அந்த 52, நாளை 520 ஆனாலும் எச் அசையாது. ஊதிப்போனதை எச் மறைக்கும், உண்மையில் பெரியதையும் மறைக்கும். 2025இன் மருத்துவ நோபல் பெற்ற மூவரில் ஷிமோன் சகாகுச்சியின் 1995 கட்டுரை ‘ஜர்னல் ஆஃப் இம்யூனாலஜி’யில் வந்தது, இம்பாக்ட் ஃபேக்டரை (ஏட்டின் சராசரி மேற்கோள் அளவு) மட்டும் பார்ப்பவர்கள் தாண்டிப்போகிற ஏடு. மூவரில் இன்னொருவரான மேரி ப்ரங்கோ தனியார் நிறுவன ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது 2001இல் வெளியிட்ட, எலிகளில் நோயெதிர்ப்பு கட்டுமீறும் நோய்க்குக் காரணமான ஸ்கர்ஃபின் மரபணுக் கட்டுரை, ஒற்றைக் கட்டுரை எவ்வளவு தூரம் போகும் என்பதற்குச் சாட்சி. எச் கணக்கில் அதுவும் ஒன்றுதான், பத்தோடு பதினொன்றாய் வந்த கட்டுரையும் ஒன்றுதான்.

என் பரிந்துரை: எச்சையும் மொத்தத்தையும் இரண்டு முறை கணக்கிடுங்கள், எல்லாம் சேர்த்து ஒரு தடவை, மீளாய்வும் கூட்டு வழிகாட்டியும் நீக்கி ஒரு தடவை. இரண்டையும் படிவத்தில் காட்டுங்கள். குழு கேட்பதற்கு முன்னால் நீங்களே காட்டிவிட்டால் பேச்சு அறிவியலுக்குப் போகும். 2020இல் கோவிட் பற்றி எழுதியவர்களும் அந்தக் கட்டுரைகளைத் தனியே குறிப்பது நல்லது. அன்றைய வெள்ளத்தில் சாதாரணக் கடிதங்களும் மிதந்தன.

ஆண்டு, துறை வேறுபாட்டைச் சமன்செய்யும் அளவுகள் இரண்டு பயன்படும். ஸ்கோபஸின் எஃப்டபிள்யூசிஐ (துறைவாரி எடையிட்ட மேற்கோள் அளவு), அதே ஆண்டு, அதே வகை, அதே துறைக் கட்டுரைகளின் உலகச் சராசரியை 1.00 என்று வைக்கிறது. மீளாய்வு மீளாய்வோடுதான் போட்டியிடும் என்பது இதன் நல்ல குணம். கெட்ட குணம், சராசரி என்பதால் ஒற்றைக் கட்டுரை இழுத்துவிடும். ஒன்பது கட்டுரைகளுக்கு 0.8, ஒன்றுக்கு 25 என்றால் சராசரி 3.22 வரும். இடைநிலை மதிப்பு 0.8தான். 3.22 என்று மட்டும் எழுதினால் பொய்யில்லை, ஆனால் விவரம் தெரிந்தவர் சிரிப்பார்.

மற்றொன்று அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வு நிறுவனமான என்ஐஎச் தரும் ஆர்சிஆர் (ஒப்பீட்டு மேற்கோள் விகிதம்). ஐசைட் தளத்தில் பப்மெட் எண்களை ஒட்டினால் இலவசமாகக் கிடைக்கும். எக்செல் தாளில் பப்மெட் எண்ணை எழுதச் சொன்னது இதற்காகவும்தான். என்ஐஎச் நிதியில் வந்த நடுத்தரக் கட்டுரை 1.0. ஏடு எந்தத் துறை என்று பார்க்காமல், உங்கள் கட்டுரையோடு சேர்த்து எவற்றை மேற்கோள் காட்டுகிறார்கள் என்பதை வைத்துத் துறையை வரையறுக்கிறது. நோயெதிர்ப்பியலுக்கு இது பொருத்தம். காசநோய் எதிர்ப்பாற்றலைப் படிப்பவரும் புற்றுநோயில் டி-செல்களைப் படிப்பவரும் ஒரே துறைப் பெயருக்குள் இருக்கிறார்கள், ஆனால் மேற்கோள் ஓடும் வேகம் இருவருக்கும் ஒன்றல்ல. பப்மெட்டில் இல்லாத கட்டுரைக்கு ஆர்சிஆர் கிடையாது. புதிய கட்டுரைக்கு வரும் மதிப்பு தற்காலிகமானது.

இம்பாக்ட் ஃபேக்டர் ஏட்டின் எண், உங்கள் எண் அல்ல. 2024க்கானது என்றால் 2022, 2023இல் அந்த ஏட்டில் வந்தவற்றுக்கு 2024இல் கிடைத்த மேற்கோளை, அந்த இரு ஆண்டுகளின் கட்டுரை, மீளாய்வு எண்ணிக்கையால் வகுத்தது. ஆய்வு மதிப்பீடு பற்றி 2012இல் உருவான சான் ஃபிரான்சிஸ்கோ பிரகடனம், ஆளை அளக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்கிறது. ஆனால் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிமுறைப் படிவம் உங்கள் முன்னால் இருந்தால் பிரகடனத்தைப் பேசிப் பயனில்லை. அதில் ஃபேக்டர் 1க்குக் கீழ் 10 புள்ளி, 1 முதல் 2 வரை 15, 2 முதல் 5 வரை 20, 5 முதல் 10 வரை 25, அதற்கு மேல் 30. இருவருக்கு மேல் எழுதியிருந்தால் முதல் அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70 சதவீதம், மற்றவர் ஒவ்வொருவருக்கும் 30. ஃபேக்டர் 6 உள்ள ஏட்டில் நடு ஆசிரியராக இருந்தால் 7.5, முதல் ஆசிரியராக இருந்தால் 17.5. அறிவியலுக்கான அடிப்படை 8 புள்ளியை இதோடு கூட்டுவதா என்பதை அந்தப் பல்கலைக்கழகத்தின் அலுவலகத்திலேயே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். விதியில் தாம்சன் ராய்ட்டர்ஸ் பட்டியல் என்று இருப்பது இன்றைக்கு கிளாரிவேட் நிறுவனம் வெளியிடும் ஜேசிஆர் என்ற இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியல். அதில் இல்லாத ஏடு தன் முகப்பில் பெரிதாகப் போட்டுக்கொள்ளும் இம்பாக்ட் ஃபேக்டர் செல்லாது. யுஜிசி ஏற்ற ஏடுகளின் யுஜிசி-கேர் பட்டியலும் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டுவிட்டது, பழைய விளம்பரத்தைப் பார்த்து அதைச் சான்றாக இணைக்காதீர்கள்.

இணை முதல் ஆசிரியர் விஷயம் எந்தத் தளத்திலும் எண்ணாக வராது. எலிப் பரிசோதனையை ஒருவரும் செல் வளர்ப்பை ஒருவரும் செய்து முடித்த கட்டுரையில், இரண்டாவதாக அச்சான பெயருக்குக் கணினி தருவது இரண்டாம் இடம்தான். கட்டுரையின் முதல் பக்கத்தில் ‘சம பங்களிப்பு’ என்ற அடிக்குறிப்பு உள்ள பகுதியை அச்செடுத்து இணையுங்கள். பல ஏடுகள் கிரெடிட் என்ற 14 வகைப் பங்களிப்புப் பட்டியலை வெளியிடுகின்றன. அது இருந்தால் இன்னும் வலு.

படிவத்தில் கட்டம் சின்னதாக இருந்தாலும் இந்த அளவாவது எழுத இடம் இருக்கும்: “ஸ்கோபஸ், 10.03.2025 நிலவரம்: 12 கட்டுரைகள், 905 மேற்கோள்கள், எச் 7. மீளாய்வு, கூட்டு வழிகாட்டி நீக்கினால் 10 கட்டுரைகள், 147 மேற்கோள்கள், எச் 7. முதல் அல்லது இணை முதல் ஆசிரியர் 4.” அதே நாளில் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டைத் தேதி தெரியும்படி பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். நேர்காணல் ஆறு மாதம் கழித்து வந்தால், அன்று காலை எண்ணை மறுபடி எடுத்துக் கையில் கொண்டுபோங்கள். எதிரில் இருப்பவர் மடிக்கணினியில் அப்போதைய எண்தான் திறந்திருக்கும்.